சந்தேக மரணம்: அவசர அடக்கம் வேண்டாம்

ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்வது நபிவழி. ஆனால் விபத்து, தற்கொலை, பாம்புக்கடி, காரணம் தெரியாத திடீர் மரணம் நேர்ந்தால் முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். "மையித்தை அறுத்துவிடுவார்கள்" என்ற பயத்தில் மறைத்து அடக்கினால், பின்னர் நடுவர் உத்தரவுப்படி கபரைத் தோண்ட நேரலாம். விபத்து இழப்பீடும் காப்பீடும் கிடைப்பது சிரமமாகும். வாரிசுகளான யத்தீம் பிள்ளைகளுக்கே நஷ்டம்.

சட்டம் சொல்வது

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. (முன்பு 174 என்று சொல்லிவந்தது இதுதான்.) போலீஸார் நிர்வாக நடுவருக்குத் தெரிவித்து, ஊர்ப் பெரியவர்கள் குறைந்தது இருவர் முன்னிலையில் காயங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். ஜமாஅத் நிர்வாகிகள் அந்த இடத்தில் இருப்பது நல்லது. மரணக் காரணத்தில் சந்தேகம் இருந்தால் உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும்.

திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகமான முறையில் இறந்தாலோ பரிசோதனை கட்டாயம். அந்தக் காலத்துக்குள் இறந்த பெண்ணின் உறவினர் கேட்டாலும் செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் இத்தகைய மரணங்களைக் கோட்டாட்சியர் விசாரிப்பார். மகளைப் பறிகொடுத்த பெற்றோர் சமரசப் பேச்சுக்காக இந்த உரிமையை விட்டுவிடக் கூடாது.

காவலில் நிகழும் மரணத்தை 196-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் விசாரிப்பார். இயன்றவரை உறவினருக்குத் தெரிவித்து, விசாரணையில் உடனிருக்க அவர் அனுமதிக்க வேண்டும்.

மார்க்கம் தடுக்கிறதா?

1987-இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் கவுன்சில், குற்ற விசாரணைக்குத் தேவைப்படும் பிரேதப் பரிசோதனையை அனுமதித்தது. மையித்தின் கண்ணியம் காப்பது எப்படிக் கடமையோ, அநியாயமாகப் பறிக்கப்பட்ட உயிருக்கு நீதி கேட்பதும் அப்படியே.

நாம் செய்ய வேண்டியவை

• போலீஸார் பார்க்கும்வரை குளிப்பாட்டவோ, உடையை மாற்றவோ வேண்டாம். மருந்து பாட்டில், செல்போன் போன்றவற்றைத் தொடாதீர்கள்.

• தகவல் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள். பரிசோதனை அறிக்கை நகலுக்கும் விண்ணப்பியுங்கள்.

• வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் பரிசோதனை செய்ய 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. கொலை, தற்கொலை, சந்தேக மரணங்களுக்குப் பொதுவாக இது பொருந்தாது. விபத்து மரணமாக இருந்தால் மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

உடல் கைக்கு வந்ததும் தையல் உள்ள இடங்களில் மென்மையாகக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுகை நடத்தி, தாமதமின்றி அடக்குவோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல முடிவைத் தருவானாக. ஆமீன்.