சிரட்டைக் கரியும் நோபல் பரிசும்

கேள்வி: தண்ணீர் பில்டரில் கரி போடுகிறார்கள். 2025 இல் நோபல் பரிசு பெற்ற துளைப்பொருளும் இதே வேலையைத்தான் செய்கிறதாமே? இது எங்கே தொடங்கியது? சிரட்டை மலிந்த நம் நாட்டுக்குப் புதியது எதற்கு?
– வாசகி ஒருவர், பம்பலப்பிட்டி

பதில்: தொடக்கம் கரிதான். கலங்கிய கரைசலின் நிறத்தைக் கரி எடுத்துவிடுவதை லோவிட்ஸ் என்ற இரசாயனவியலாளர் 1785 இல் ரஷ்யாவில் கண்டார். முதலாம் உலகப் போரில் நச்சுவாயு வீசப்பட்டபோது, முகமூடிகளுக்குள் வைக்கச் சிரட்டைக் கரி தேடப்பட்டது. சிரட்டையைக் கரியாக்கி, 900 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் நிறைந்த கறுப்புத் துணுக்கு. அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நனோமீற்றருக்கும் சிறியவை. அரைத் தேக்கரண்டி கூட வராத ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஏறக்குறைய 40 பேர்ச்சஸ் காணி! இதுவே அக்டிவேட்டட் காபன். 1973 இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் இலங்கைச் சிரட்டையிலிருந்து இதைச் செய்து உலகெங்கும் விற்கிறது. ஆகவே இத்துறையில் நாம் பிந்தியவர்கள் அல்ல.

ஆனால் இந்தத் துளைகளை யாரும் திட்டமிட்டு அமைப்பதில்லை. நெருப்பும் நீராவியும் அரித்த அளவில்தான் அவை வரும். இங்குதான் நோபல் பரிசு பெற்ற மூவரின் பங்கு தொடங்குகிறது. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் றொப்சன், 1974 இல் மாணவருக்காக மரப்பந்துகளில் துளையிட்டு மூலக்கூறு மாதிரிகள் செய்வித்தார். எந்த இடத்தில் துளையிடுகிறோமோ அதுவே முழு வடிவத்தையும் தீர்மானிக்கிறது என்று அப்போது அவருக்குப் பட்டது. 1989 இல் செம்பு அயன்களையும் நான்கு கைகள் கொண்ட சேதன மூலக்கூறையும் இணைத்து, உள்ளே வெற்றிடம் நிறைந்த பளிங்கை உண்டாக்கினார். இத்தகைய உலோக-சேதனச் சட்டகத்துக்குள் (சுருக்கமாக எம்.ஓ.எப்) வாயு போய்வரும் என்பதை 1997 இல் ஜப்பானின் சுசுமு கிட்டகவா காட்டினார். ஒமர் யாகி 1999 இல் எம்.ஓ.எப்-5 என்ற உறுதியான சட்டகத்தைத் தந்தார். யாகி, அம்மானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். தண்ணீர் எப்போதாவது மட்டுமே வந்த வீட்டில் வளர்ந்தவர். அவர் குழு பின்னர் பாலைவனக் காற்றின் ஈரத்தைப் பிடித்துக் குடிநீராக்கும் பொருளைச் செய்தது.

இச்சட்டகங்கள் விலை கூடியவை, ஈரம் பட்டால் சிதைபவை என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. எம்.ஓ.எப்-5 ஈரக்காற்றில் நிலைக்காது. ஆனால் குறை அந்த ஒரு சட்டகத்துடையது. உலோகத்தையோ அதை இணைக்கும் மூலக்கூறையோ மாற்றினால் குணமும் மாறும். கனடாவின் கல்கரியில் உருவான கால்ப்-20 என்ற நாகச் சட்டகம், ஈரமும் சூடும் கலந்த சீமெந்து ஆலைப் புகையிலிருந்தே காபனீரொட்சைட்டைப் பிரிக்கிறது. அது இன்று தொன் கணக்கில் தயாராகிறது.

சிரட்டைக் கரி போதாதா என்ற உங்கள் கேள்விக்கு, எதைப் பிடிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தே பதில். கொழும்புக் குழாய்நீரின் குளோரின் மணத்துக்குக் கரியை விடச் சிக்கனமானது வேறில்லை. அநுராதபுரம், வவுனியாப் பக்கக் கிணறுகளில் உள்ள புளோரைட்டையும் நீரின் கடினத்தன்மையையும் சாதாரணக் கரி நீக்காது. அங்கே புளோரைட்டுக்கென்றே வடிவமைத்த துளை உதவக்கூடும். அது மலிவாகக் கைக்கு வரும்வரை, அப்பகுதி உறவினருக்குக் கரி பில்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். முதலில் கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.