குத்தூசியும் கடலடிச் சேறும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வியாபாரி நெல் மூட்டையில் குத்தூசியைச் செருகி, நாலு மணியை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கப்பலிலிருந்து 5,000 மீட்டர் ஆழத்துக்குக் குழாயை இறக்கிச் சேறு எடுத்தபோதும் அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பாக்டீரியா வகைகளை எண்ண வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை.

1. ஒரு குத்து போதாது. மத்திய இந்தியப் பெருங்கடலில் மாங்கனீசு உருண்டைகளுக்காக நம் நாட்டுக்கு ஒதுக்கிய பரப்பு மட்டுமே 75,000 சதுர கிலோமீட்டர். ஒரு இடத்துக்கு மூன்று குழாயாவது இறக்குங்கள்.

2. குழாய்ச் சுவரை ஒட்டிய சேற்றை ஒதுக்குங்கள். மேலடுக்கு அதில் இழுபட்டு வந்திருக்கும். நடுவிலிருந்து எடுத்து, உடனே மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.

3. தட்டில் வளர்ந்ததை மட்டும் எண்ணாதீர்கள். நான் அப்படித்தான் பல வருஷம் எண்ணினேன். 500 மடங்கு காற்றழுத்தத்தில், குளிரில் கிடந்தவை நம் அகார் தட்டுக்கு வந்து குடித்தனம் நடத்துமா? நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. அதனால்தான் சேற்றிலிருந்தே டிஎன்ஏவை எடுத்து, வகையை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் படிக்கிறோம். அதையும் தலைக்கணக்காக நினைக்காதீர்கள். ஒரு பாக்டீரியாவில் அந்த மரபணு ஒரு பிரதி இருக்கும், இன்னொன்றில் பத்துக்கு மேல் இருக்கும். போதாக்குறைக்கு, செத்ததன் டிஎன்ஏவும் சேற்றில் தங்கியிருக்கும்.

4. டிஎன்ஏ எடுக்கும்போது, சேறே போடாமல் மருந்து மட்டும் ஊற்றிய சோதனைக்குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். ஒருமுறை ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா கிடைத்ததும் ஆழ்கடல் அதிசயம் என்று குதித்தேன். அந்த வெறுங்குழாயைப் பார்த்தால் அங்கேயும் அதே ஆள்! வாங்கிய மருந்திலேயே வந்திருந்தது.

5. பத்தாயிரம் டிஎன்ஏ வரிசை படித்த மாதிரியையும் லட்சம் படித்ததையும் பக்கத்தில் வைத்து, எதில் வகை அதிகம் என்று கேட்காதீர்கள். அதிகம் படித்தால் அதிகம் தெரியும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே எண்ணிக்கைக்குக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். படிக்கப் படிக்க வகை எத்தனை என்று காட்டும் வரைபடக் கோடு ஏறிக்கொண்டே போனால் இன்னும் எண்ணி முடியவில்லை என்று அர்த்தம்.

6. கப்பலேறும் முன் ஏரிச் சேற்றில் பழகுங்கள். செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளத்தில் கை வைக்காதீர்கள், அது தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. வெளியே ஏரிக்கா பஞ்சம்? ஒரே குழாய்ச் சேற்றைக் கலந்து நாலு பங்கு போட்டு, நாலு பேரும் தனித்தனியே டிஎன்ஏ எடுங்கள். நாலு பட்டியலும் முழுசாக ஒத்துப்போகாது. ஏன் என்று கண்டுபிடித்த பிறகு கப்பலேறலாம்.