டிஷ்ஷைக் கழற்றுமுன் ஒரு கணக்கு

நம்பிக்கைகளும் உண்மைகளும்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இந்தச் சிறு இடைவெளி காரணமாக மன்னார்க் கரையின் தொலைக்காட்சிப் பழக்கம் கொழும்பைப் பின்பற்றி வளரவில்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும் தொடங்கின. ஆனாலும் அந்தப் பத்தாண்டில் வடக்கில் பல வீடுகளின் அன்டெனா தூர்தர்ஷன் பக்கமே திரும்பியிருந்தது. 1990இல் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் போரில் அழிந்தது. அங்கே 174 மீற்றர் உயரத்தில் புதிய கோபுரம் எழ 2011 ஆயிற்று. அதற்குள் டிஷ் கூரைகளைப் பிடித்துக்கொண்டது. இப்போது பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் வங்காலையிலும் அடுத்த கேள்வி எழுந்திருக்கிறது: டிஷ்ஷையோ கேபிளையோ நிறுத்திவிட்டு, நேரலைச் சேனல்களை இணையத்தில் பார்த்தால் என்ன?

நல்ல கேள்விதான். ஆனால் அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகள் பலவும் ஒரே இடத்தில் தவறுகின்றன. இணையத்துக்கு மாறினால் தொலைக்காட்சியின் செலவும் பாரமும் குறைந்துவிடும் என்று அவை சொல்கின்றன. உண்மையில் அந்தப் பாரம் ஒளிபரப்புகிறவர் தோளிலிருந்து பார்ப்பவர் வீட்டுக்கு இறங்குகிறது. இறங்கும் பாரத்தை எந்த வீடு தாங்கும், எந்த வீடு தாங்காது என்று கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நம்பிக்கை 1: மாதச் செலவு பாதியாகும்

செயலியின் சந்தாவை டிஷ் கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் டிஷ் கட்டணத்தில் படம் வீடுவரை வந்து சேரும் செலவும் அடங்கியிருக்கிறது. செயலியின் சந்தாவில் அது இல்லை, டேட்டா கட்டணமாகத் தனியே வருகிறது. எச்.டி. தரத்தில் ஒரு நேரலைக்கு வினாடிக்கு 5 மெகாபிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி ஆகும். பின்னேரச் செய்தி, இரண்டு நாடகம், ஒரு பாட்டு நிகழ்ச்சி என்று நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 9 ஜிபி, மாதத்துக்கு 270 ஜிபி. தரத்தைக் குறைத்து 1.5 மெகாபிட்டில் பார்த்தாலும் மாதம் 81 ஜிபி போகும். வீட்டில் இரண்டு திரைகள் ஓடினால் இரண்டு மடங்கு. டிஷ்ஷில் தொலைக்காட்சி 4 மணி நேரம் ஓடினாலும் 14 மணி நேரம் ஓடினாலும் கட்டணம் ஒன்றே. நாள் முழுதும் பெட்டி ஓடும் வீட்டுக்கு, வயோதிபர் தனியே இருக்கும் வீட்டுக்கு, இந்த வேறுபாடு பெரிது.

“எங்கள் வீட்டில் ஏற்கெனவே இணையம் இருக்கிறது, புதிதாக என்ன செலவு?” என்று கேட்பவர்கள் உண்டு. ஃபைபர் இணைப்பும் பெரிய டேட்டா அளவும் உள்ள வீட்டுக்கு அந்த வாதம் முழுக்கப் பொருந்தும். ஆனால் நம் நாட்டுத் திட்டங்கள் பலவற்றில் டேட்டாவின் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பின்தான் பாவிக்கக் கிடைக்கும். தொலைக்காட்சி பார்க்கும் நேரமோ மாலை 6 முதல் 10 வரை. விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்ட மொத்த ஜிபியை விட்டுவிட்டு, எந்நேரமும் பாவிக்கக்கூடிய பங்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும். செயலியின் இன்றைய விலை நாளைக்கும் நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. அமெரிக்காவில் கேபிளுக்கு மலிவான மாற்று என்று 2017இல் மாதம் 35 டொலருக்கு வந்த யூடியூப் டிவி, 2025 தொடக்கத்தில் 82.99 டொலரைத் தொட்டது. அதே வரிசையில் வந்த பிளேஸ்டேஷன் வியூ 2020 ஜனவரியில் மூடப்பட்டது. சேனல்களுக்குக் கொடுக்க வேண்டிய உரிமைப் பணம் கேபிள்காரருக்கும் செயலிக்காரருக்கும் பொது. அது ஏறும்போது இருவரின் கட்டணமும் ஏறும்.

நம்பிக்கை 2: இணையத்தில் வருவதெல்லாம் ஒரே வகை

பியோ டிவி, கைத்தொலைபேசிச் செயலி, கடையில் வாங்கும் ஆண்ட்ராய்ட் பெட்டி என மூன்றையும் ‘நெட் டிவி’ என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். மூன்றும் வேலை செய்யும் விதம் வேறு. ஸ்ரீலங்கா ரெலிகொம் 2008இல் தொடங்கிய பியோ டிவி, அந்த நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே ஓடுவது. ஒரு சேனலின் ஒரே பிரதி வலையமைப்பில் வந்து, பார்ப்பவர் இருக்கும் கிளைகளுக்கு மட்டும் பிரிந்து போகும். அதற்கென்று வழியில் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் பொது இணையத்தின் நெரிசல் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. செயலியின் கதை வேறு. பேசாலையில் 200 வீடுகள் ஒரே நாடகத்தைப் பார்த்தால், 200 தனிப் பிரதிகள் அந்த ஊருக்குள் வர வேண்டும். கோயில் மணி ஒருமுறை அடித்தால் ஊருக்கே கேட்கும், அதே செய்தியை வீடு வீடாக ஆள் அனுப்பிச் சொல்வதென்றால் வீடு கூடக் கூட ஆளும் கூட வேண்டும். செய்மதியும் கொக்காவில் கோபுரமும் மணியின் வேலையைச் செய்கின்றன. செயலி வீடு வீடாக ஆள் அனுப்புகிறது.

ஆண்ட்ராய்ட் பெட்டியில் ஆயிரம் சேனல், ஒருமுறை பணம் கட்டினால் போதும் என்று விற்பவர்களின் வகை மூன்றாவது. ஒரு சேனலை மறு ஒளிபரப்புச் செய்ய உரிமைப் பணம் கட்டியவரால் அந்த விலைக்கு ஆயிரம் சேனல் தர முடியாது. அந்த ஓடைகள் எந்த நாளும் நின்றுபோகலாம். நின்றால் முறையிட ஓர் அலுவலகமும் இருக்காது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், யார் எழுதியது என்று தெரியாத செயலி வீட்டு வைஃபைக்குள் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பான காரியம் இல்லை.

நம்பிக்கை 3: போனில் முழுக்கோடு காட்டினால் படம் தடங்காது

போனில் தெரியும் கோடுகள் கோபுரத்தின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை மட்டும் சொல்கின்றன. அந்தக் கோபுரத்தை இப்போது எத்தனை பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. மன்னார்ப் பெருநிலத்தில் முசலி, நானாட்டான், மடுப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வீட்டு இணையம் என்பதே 4ஜி ரவுட்டர்தான். கோபுரத்தின் ஒரு திசைக்கு வினாடிக்கு 40 மெகாபிட் கிடைக்கிறது என்று வைத்தால், 5 மெகாபிட் வீதம் 8 வீடுகள் எச்.டி. நேரலை பார்த்த உடனே அது நிரம்பிவிடும். ஒன்பதாவது வீடு சேரும்போது எல்லா வீட்டிலும் படம் மங்கும், அல்லது சக்கரம் சுழலும். காலை 10 மணிக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு டிஷ்ஷைக் கழற்றியவர்கள் இரவு கிரிக்கெட்டில் ஏமாறுவது இதனால்தான்.

“இந்தியாவில் 2023 உலகக் கிண்ண இறுதிப் போட்டியை ஹொட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்களே” என்று கேட்கலாம். உண்மைதான், நேரலைத் தொழில்நுட்பத்தின் பெரும் சாதனை அது. நகரங்களின் வலையமைப்புக்கு அருகிலேயே பிரதிகளைச் சேமித்து வைத்து அதைச் சாதித்தார்கள். ஆனால் கோபுரத்திலிருந்து வீட்டுக்கு வரும் கடைசித் தூரத்தை எந்தச் செயலியாலும் அகலப்படுத்த முடியாது. அது உள்ளூரில் கோபுரமும் ஃபைபரும் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தாமதம் இன்னொன்று. செயலி படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். ஆகவே டிஷ் வைத்திருக்கும் அயல்வீட்டில் விக்கெட்டுக்குக் கூச்சல் எழும்போது, செயலி வீட்டில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடத் தொடங்கியிருக்க மாட்டார். 20, 30 வினாடிப் பிந்தல் இதில் வழமை.

நம்பிக்கை 4: இந்தியா எதிரிலேதான், இந்தியச் சேனல் எல்லாம் செயலியில் வரும்

இந்த நம்பிக்கை இந்தக் கரையின் அனுபவத்தில் பிறந்தது. வானொலி அலைக்கும் தொலைக்காட்சி அலைக்கும் கடல் எல்லை தெரியாது. ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் நட்ட 323 மீற்றர் கோபுரத்தின் அலை கரையோடு நின்றுவிடவில்லை. இந்தியச் செய்மதியின் வீச்சும் அப்படியே. ஆனால் செயலி அலையைப் பார்ப்பதில்லை. எந்த நாட்டு இணைப்பிலிருந்து கேட்கிறீர்கள் என்று பார்க்கிறது. படம், நாடகம், விளையாட்டு ஆகியவற்றின் இணைய உரிமை நாடு வாரியாக விற்கப்படுவதால், தலைமன்னாரில் உள்ளவர் செயலியின் கண்ணுக்குக் கொழும்புக்காரர்தான், ராமேஸ்வரத்துக்காரர் அல்லர். 2017இல் வந்த சன் நெக்ஸ்ட் போல, இந்தியாவுக்கு வெளியே சந்தா தருபவையும் உள்ளன. அவற்றிலும் இங்கே கிடைக்கும் பட்டியலைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. விபிஎன் போட்டு நாட்டை மாற்றிக் காட்டலாம் என்பார்கள். அது சேவையின் நிபந்தனையை மீறுவது, வேகத்தைக் குறைப்பது, எந்நேரமும் தடுக்கப்படக்கூடியது. வீட்டின் ஒரே தொலைக்காட்சியை அதன்மேல் கட்டக் கூடாது.

இங்கே மறந்துபோகும் இன்னொன்று உண்டு. சக்தி, வசந்தம், நேத்ரா ஆகிய உள்ளூர்த் தமிழ்ச் சேனல்கள் சந்தாவே இல்லாமல் சாதாரண அன்டெனாவுக்கு வரும்படி ஒளிபரப்பாகின்றன. அலை எட்டும் வீட்டில் அவற்றைப் பார்ப்பதற்கு டிஷ்ஷும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

நம்பிக்கை 5: மழைக்கும் காற்றுக்கும் இணையமே தாங்கும்

இதில் பாதி உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். வாடை மழை கொட்டும்போது துளிகள் அதை உறிஞ்சிவிடுகின்றன. சோளகக் காற்று டிஷ்ஷைத் திருப்பிவிடுகிறது, உப்புக்காற்று அதன் இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஃபைபருக்குள் போகும் ஒளிக்கு மழையும் இல்லை, உப்பும் இல்லை. ஆகவே சாதாரண மழைநாளில் ஃபைபர் வெல்லும்.

புயல்நாளின் கணக்கு வேறு. டிஷ் வேலை செய்ய வீட்டில் மின்சாரமும் வானத்தில் செய்மதியும் போதும். இணைய நேரலைக்கு வீட்டு மின்சாரம், ரவுட்டர், தெருக்கம்பம், கோபுரம், அதன் பற்றரி, தொலைபேசி நிலையம் என்று எல்லாமே ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் பாக்கு நீரிணைக்கு அப்பால் வேதாரண்யத்தருகே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வடக்கைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. காற்று மட்டும்தான் இணைப்பை அறுக்கும் என்றும் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நடந்தது. 2018 மார்ச்சிலும் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. கடைசியாகச் சொன்ன நாளில் யூடியூப்பும் முடங்கியது. செய்தியை யூடியூப் நேரலையில் மட்டுமே பார்த்த வீடு அன்று இருட்டில் இருந்தது.

எந்த வீடு மாறலாம்?

ஃபைபர் வந்துவிட்ட, மாலையில் வேகம் குறையாத, பிள்ளைகள் எப்படியும் திரையில் இணையம் பார்க்கும் மன்னார் நகர வீட்டுக்கு மாறுவது நியாயமான முடிவு. அதற்கு முன் ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு, இரவு 8 மணிக்குப் பார்த்து, மாத முடிவில் டேட்டாவை எண்ணினால் போதும். 4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் வீடும், பெட்டி நாள் முழுதும் ஓடும் வீடும் டிஷ்ஷைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். செயலியைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். எந்த முடிவை எடுத்தாலும், கடற்றொழிலை நம்பிய வீட்டில் ஓர் அன்டெனாவும் பற்றரியில் ஓடும் வானொலியும் இருந்தே ஆக வேண்டும். கடலுக்குப் போகாதீர்கள் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும் சொல், சந்தா முடிந்ததென்றோ டேட்டா தீர்ந்ததென்றோ ஒரு வீட்டுக்குக் கிட்டாமல் போகக் கூடாது.

அதனால் கடைசிப் பொறுப்பைப் பார்ப்பவர் தலையில் மட்டும் வைக்க முடியாது. நேரலைச் சேவையை விற்கும் நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டேட்டா போகும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அனர்த்த எச்சரிக்கை நாட்களில் செய்தி நேரலைகளை டேட்டாக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விதிக்க வேண்டும். தொலைக்காட்சியின் பாரத்தை வீடுகளுக்கு இறக்குகிறவர்கள், ஆபத்து நாளிலாவது அதில் ஒரு பங்கைச் சுமப்பதே நீதி.