எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் கணினித் துறை

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் வழியில் மம்பாவ் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் இவ்வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் சீவினர். அவர்களிடம் எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவியிருக்கிறாரா, மங்கில் பால் ஒழுங்காக இறங்கியிருக்கிறதா என்பதைத்தான் கங்காணி பார்த்தார். செய்த வேலையே திறமைக்குச் சான்றாக இருந்தது.

இன்று தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் கணினித் துறையை நாடுகின்றனர். ஆனால், தேர்வு முடிவு எதிர்பார்த்தபடி அமையாவிட்டாலோ பல்கலைக்கழகச் செலவுக்கு வழியில்லாவிட்டாலோ, “டிகிரி இல்லாதவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை யாருப்பா கொடுப்பா?” என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அந்த ஒரு கேள்வியிலேயே பலருடைய ஆசை அடங்கிவிடுகிறது. பட்டம் கட்டாயமாகக் கேட்கப்படும் பணிகள் உண்டு என்பது உண்மைதான். எனினும், இத்துறையின் முதற்படியில் உள்ள எல்லா வேலைகளுக்கும் அது தேவைப்படுவதில்லை.

அவற்றுள் ஒன்று, நிறுவனங்களின் கணினி உதவிப் பிரிவில் பணியாற்றுவதாகும். ஓர் ஊழியர் தொலைபேசியில் அழைத்து, “இணையம் வரவில்லை” என்கிறார் என வைத்துக்கொள்வோம். உதவியாளர் முதலில், பழுது அந்த ஒரு கணினியில் மட்டுமா, அலுவலகம் முழுவதுமா என்று கேட்பார். பிறகு கம்பி இணைப்பைப் பார்க்கச் சொல்வார். அடுத்து, கணினியின் ஐபி முகவரியைக் கேட்பார். அது 169.254 என்று தொடங்கினால், வலையமைப்பிலிருந்து அக்கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை என்று அறிந்துகொள்வார். இவ்வாறு காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பழுதைக் கண்டுபிடித்து, செய்ததைக் குறித்து வைப்பதே இவ்வேலையின் அடிப்படை. பொறுமையும், எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி பேசும் திறனும் இதற்கு வேண்டும். மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மும்மொழிகளும் அறிந்தவருக்கு இங்கே நல்ல பயன் உண்டு.

இத்தகைய திறன்களைக் கற்க நம் நாட்டில் முறையான வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் (எஸ்.கே.எம்.) வழங்கப்படுகிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ்; நான்காம் நிலை திறன் டிப்ளோமா; ஐந்தாம் நிலை திறன் உயர் டிப்ளோமா. கணினித் துறைக்கும் இதில் இடமுண்டு. எழுத்துத் தேர்வு மட்டுமன்றி, வேலையைச் செய்துகாட்டும் திறனும் இங்கே மதிப்பிடப்படுகிறது. கட்டணம் செலுத்த இயலாதோர் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் (பி.டி.பி.கே.) கடனுதவிக்கு விண்ணப்பிக்கலாம். மேலும், நெகிரி செம்பிலானிலேயே போர்ட்டிக்சனிலும் நீலாயிலும் பொலிதெக்னிக் கல்லூரிகள் உள்ளன. எந்தக் கல்லூரியில் எந்தப் பயிற்சி நடைபெறுகிறது என்பதைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கேட்டு அறியலாம்.

பட்டத்தைவிடத் திறனைப் பார்க்கும் போக்கு பிற நாடுகளிலும் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் வளர்ந்த ஸோஹோ மென்பொருள் நிறுவனம், 2004ஆம் ஆண்டில் தனக்கெனப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் உதவித்தொகை பெற்றுக்கொண்டே அங்கே பயில்கின்றனர். பின்னர் அந்நிறுவனத்திலேயே பணியில் சேர்கின்றனர். தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறை என்ற சிற்றூரிலும் அந்நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. கூகள் நிறுவனமும் 2018ஆம் ஆண்டில் கணினி உதவிப் பணிக்கான இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பை அறிமுகம் செய்தது. அதில் சேரப் பட்டம் தேவையில்லை.

ஆயினும், சான்றிதழ் மட்டும் வேலை பெற்றுத் தராது. நேர்முகத் தேர்வில், “உனக்கு என்ன செய்யத் தெரியும்?” என்ற கேள்விக்குச் சான்றுடன் பதில் சொல்ல வேண்டும். பழைய கணினி ஒன்றைப் பிரித்துப் பூட்டிப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவுங்கள். அக்கம்பக்கத்தாரின் கணினிப் பழுதுகளைச் சரிசெய்து, என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தேன், எவ்வாறு சரிசெய்தேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அனுபவம் இல்லாத விண்ணப்பதாரருக்கு அக்குறிப்பேடே அனுபவச் சான்றாகும்.

இங்கு எச்சரிக்கை ஒன்றும் தேவை. வெளிநாட்டில் கணினி வேலை, அதிகச் சம்பளம், படிப்பு வேண்டாம் என்ற விளம்பரங்களை நம்பிச் சென்ற மலேசிய இளைஞர்கள் சிலர், கம்போடியா, மியன்மார் போன்ற நாடுகளில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியுள்ளனர். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவரையும், ஒப்பந்தம் காட்டாமல் அவசரப்படுத்துபவரையும் நம்பக்கூடாது. பெற்றோரிடம் கலந்து பேசாமல் கடப்பிதழை எவரிடமும் ஒப்படைக்கக்கூடாது.

முதல் வேலையின் சம்பளம் குறைவாக இருக்கலாம். பட்டம் பெற்றவருக்கே பதவி உயர்வு தரும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே, வேலை கிடைத்ததும் படிப்பை நிறுத்திவிடக்கூடாது. திறன் டிப்ளோமாவைத் தொடரலாம். வேலை அனுபவத்தையும் தகுதியாகக் கருதும் ‘ஏபெல்’ முறையின்வழி, பிற்காலத்தில் பட்டப்படிப்பிலும் சேரலாம். வீட்டில் அந்தக் கேள்வி எழும்பொழுது மௌனமாக இருந்துவிடாமல், இவ்வழிகளைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.