கிரிடி: நிலக்கரியால் வளர்ந்த நகரம்

இந்தியாவின் நிலக்கரி வயல்கள் என்றதும் ராணிகஞ்சு, ஜாரியா, பொகாரோ என்னும் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. இவை தாமோதர் பள்ளத்தாக்கை ஒட்டி வரிசையாக அமைந்தவை. அவ்வரிசையினின்றும் வடக்கே விலகித் தனித்து நிற்கும் சிறு வயல் ஒன்று உண்டு. அதன் பரப்பு ஏறக்குறைய 28 சதுர கிலோமீட்டரே. ஆயினும், இந்திய மண்ணியலில் ஒரு பாறைத் தொகுதிக்கே தன் பெயரை அளித்த சிறப்பு அதற்கு உரியது. ஜார்க்கண்டு மாநிலத்தில் உள்ள கிரிடி வயலே அது. பழைய அறிக்கைகள் இதனைக் கர்ஹர்பாரி வயல் என்று குறிப்பிடுகின்றன.

இவ்வயலின் அடித்தளத்தில் தால்ச்சீர் பாறைகள் காணப்படுகின்றன. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பகுதியைப் பனிக்கட்டி மூடியிருந்தது. அது நகர்ந்தபோது உருட்டிவந்த கற்கள் மென்மையான களிமண் பாறையினுள் இன்றும் பதிந்துள்ளன. பனி உருகிய பின்னர் வளர்ந்த காடுகளே நீரிலும் சேற்றிலும் புதைந்து கரியாயின. இக்கரியைத் தாங்கிய அடுக்குகளுக்குக் கர்ஹர்பாரித் தொகுதி என்று பெயர். இப்பெயர் ஒடிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் உள்ள அதே வகைப் பாறைகளுக்கும் வழங்கப்படுகிறது.

இப்பாறைகளில் இரு வகை இலைப் பதிவுகள் கிடைக்கின்றன. இரண்டும் நாக்கு வடிவின. இரண்டிலும் நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். நடுநரம்பு தெளிவாகத் தெரியுமானால் அது குளோசாப்டெரிஸ். நடுநரம்பு இன்றி நரம்புகள் அடியிலிருந்தே விசிறிபோல் விரியுமானால் காங்கமாப்டெரிஸ். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் பள்ளி மாணவரும் இவ்வேறுபாட்டைக் கண்டறியலாம். தென் அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களிலும் இத்தகைய இலைகளே கிடைப்பதால், இந்நிலங்கள் யாவும் ஒருகாலத்தில் ஒன்றாய் இணைந்திருந்தன என்பதற்கு இவை சான்றாயின.

கிரிடிக் கரியின் மதிப்பு அதன் அளவில் இல்லை, தூய்மையில் இருந்தது. கீழ்க் கர்ஹர்பாரிப் படுகையின் கரியில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஊதுலையில் இடப்படும் கரியிலுள்ள பாஸ்பரஸ் ஏறத்தாழ முழுவதும் இரும்பில் சேர்ந்துவிடும். அது மிகுந்தால் எஃகு குளிரில் நொறுங்கும் இயல்பைப் பெறும். ஆகவே கிரிடிக் கரியிலிருந்து செய்த கோக்கிற்கு உலைக்கூடங்களில் தனி மதிப்பு இருந்தது.

1871ஆம் ஆண்டு மதுபூரிலிருந்து கிரிடிக்குக் கிளை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி இங்கே சொந்தமாகச் சுரங்கங்களை நடத்தித் தன் எஞ்சின்களுக்குக் கரி எடுத்துக்கொண்டது. வெட்டும் ஆட்களைத் தங்கவைப்பது எவ்வாறு என்பதே அக்காலத்தில் பெரும் சிக்கலாக இருந்தது. நடவும் அறுவடையும் வந்தால் சந்தால் முதலிய மக்கள் தம் வயல்களுக்குத் திரும்பிவிடுவர். இதற்குக் கம்பெனி கண்ட வழி, நிலத்தைத் தானே கையில் வைத்துக்கொண்டு, சுரங்க வேலைக்கு வருவோருக்குச் சாகுபடிக்குப் பகிர்ந்து கொடுப்பதாகும். வேலையை விட்டால் நிலமும் போகும். இதனைச் சிலர் சலுகை என்று எழுதினர். தளை என்பதே பொருத்தமாகும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கோக் சூளைகளிலிருந்து வெளிப்படும் வாயுவை வீணாக்காமல் தாரும் அம்மோனியம் சல்பேட்டு உரமும் எடுக்கும் முறை கையாளப்பட்டது. 1956இல் அமைக்கப்பட்ட தேசிய நிலக்கரி வளர்ச்சிக் கழகத்தின் வசம் அரசாங்க ரயில்வேச் சுரங்கங்கள் வந்தன. 1975க்குப் பின் அவை மத்திய நிலக்கரி நிறுவனத்தைச் சேர்ந்தன. ஆனால் அதற்குள்ளாகவே சிறந்த படுகை பெரும்பாலும் வெட்டித் தீர்ந்திருந்தது. சிறிய வயலுக்கு இது எதிர்பார்க்கத் தக்க முடிவே.

வேலை ஓய்ந்த சுரங்கம் பயனற்றதாகலாம்; அபாயமற்றதாகிவிடுவதில்லை. மேற்கூரையைத் தாங்குவதற்காக அக்காலத்தில் கரியையே தூண்களாக விட்டுச் சென்றனர். அத்தூண்கள் சிதைந்தால் மேல்நிலம் அமிழும். சிதைந்த கரியில் காற்றுப் படும்போது ஆக்சிஜன் சேர்ந்து வெப்பம் உண்டாகிறது. வெப்பம் வெளியேற வழியின்றேல் கரி தானே தீப்பற்றுகிறது. இத்தகைய பழைய குழிகளில் அனுமதியின்றி இறங்கிக் கரி எடுத்து, மூட்டைகளைச் சைக்கிளில் ஏற்றி, நெடுந்தூரம் தள்ளிச் சென்று விற்போரை இவ்வட்டாரத்துச் சாலைகளில் காணலாம். ஒரு மனிதர் தள்ளும் சுமை இரண்டு மூன்று நெல் மூட்டைகளுக்குக் குறையாது. கரி தீர்ந்தபின் இவர்களுக்கு மாற்றுத் தொழில் அமையாததே இதன் காரணம். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கைவிடப்பட்ட வாய்களின் அருகே ஒருபோதும் செல்லலாகாது. இலைப் பதிவுகளை நதிக்கரைப் பாறைகளிலும் தேடலாம்.

இந்நகரின் உலர்ந்த காற்றை நாடி வங்காள அறிஞர்கள் பலர் இங்கே வீடு கட்டிக்கொண்டனர். ஜகதீச சந்திர போஸ் 1937 நவம்பர் 23ஆம் தேதி இங்கேயே காலமானார். அவர் தங்கிய இல்லம் அவர் பெயரால் விஞ்ஞான நினைவகமாக விளங்குகிறது. மாதிரிக் கணக்கெடுப்பு முறையால் வங்காளத்தின் சணல் விளைச்சலை மதிப்பிட்ட பிரசாந்த சந்திர மகலநோபிசுக்கும் இங்கே இல்லம் இருந்தது. அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கிளையும் இங்குண்டு. பயிர் அறுவடைச் சோதனைக்காக வயலில் சிறு கட்டத்தை அளந்து நிற்கும் ஊழியர் அவருக்கே கடமைப்பட்டவர்.

நகரிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டரில் உஸ்ரி நதி கடினப் பாறைகளின் மீது மூன்று கிளைகளாக விழுகிறது. மழைக்காலம் முடிந்த சில வாரங்களில் நீரும் மிகும், பாறையும் வழுக்கும். பின்னர் இந்நதி பராகர் ஆற்றில் கலக்கிறது. கர்ஹர்பாரித் தொகுதிக்கு மேலமைந்த பாறைத் தொகுதிக்குப் பெயர் தந்த ஆறு அதுவே.

பார்சுவநாத மலை 1,365 மீட்டர் உயர்ந்து மாநிலத்திலேயே முதலிடம் வகிக்கிறது. 24 தீர்த்தங்கரர்களில் 20 பேர் இங்கே வீடுபேறு எய்தினர் என்பது சமண சமயத்தாரின் நம்பிக்கை. அடிவாரத்து மதுபனிலிருந்து ஏறி, சிகரங்களைச் சுற்றித் திரும்ப ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடத்தல் வேண்டும். யாத்திரிகர் விடியற்காலை இருளிலேயே புறப்படுவர். முதியோருக்கு டோலிகள் கிடைக்கும். அருகிலுள்ள பார்சுவநாத ரயில் நிலையம் இஸ்ரி என்னும் ஊரில் அமைந்துள்ளது.