குழலுக்கு முன் சன்னம்

ஹட்டன்

அன்புள்ள மருமகளுக்கு,

துவக்குக் குழல் செய்பவருக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் இரண்டு கட்டங்களை நிரப்பாமல் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஒன்று குழலின் நீளம், மற்றது முறுக்கு. அவசரப்படாதது நல்லது. முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அந்தப் படிவத்திலேயே இல்லை. எந்தச் சன்னத்தைச் சுடப்போகிறாய்? அதற்குப் பதில் கிடைத்தால் முறுக்குத் தானாக வரும். நீளத்தைக் கடைசியில் பார்க்கலாம்.

குழலின் உட்சுவரில் சுருண்டோடும் பள்ளங்கள்தான் சன்னத்தைச் சுழற்றி அனுப்புகின்றன. 12 அங்குல முறுக்கு என்றால் 12 அங்குலம் போவதற்குள் சன்னம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். எண் குறையக் குறையச் சுழற்சி கூடும். சுழற்சி தளர்ந்த பம்பரம் தள்ளாடுவதுபோல, போதிய சுழற்சியில்லாத சன்னமும் தலைசாய்ந்து இலக்குத் தாளில் சாவித்துவாரம் போன்ற ஓட்டையைப் போடும். சன்னம் எவ்வளவு கனம் என்று கேட்டு முறுக்கைச் சொல்பவர்கள் நிறையப் பேர். கேட்க வேண்டியது எவ்வளவு நீளம் என்பதை.

லீ என்ஃபீல்ட் துவக்கு இதற்கு நல்ல சாட்சி. அதன் .303 ரவையில் முதலில் இருந்தது 215 கிரெய்ன் மழுங்கிய மூக்குச் சன்னம். 1910இல் 174 கிரெய்ன் கூர்மூக்குச் சன்னம் வந்தது. எடை இவ்வளவு குறைந்தும் 10 அங்குல முறுக்கை யாரும் மாற்றவில்லை. புதிய சன்னத்தின் மூக்குக்குள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியம் வைத்தார்கள். எடைதான் போனது, நீளம் ஏறக்குறைய அப்படியே நின்றது.

கணக்கு எளிது. 1879இல் வூலிச்சில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோர்ஜ் கிறீன்ஹில் போட்ட கணக்கு அது. சன்னத்தின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, சன்னத்தின் நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். நீ நினைத்திருக்கும் .308இல், 168 கிரெய்ன் போட்டிச் சன்னம் ஏறக்குறைய 1.2 அங்குல நீளம். போட்டுப் பார், 12க்குச் சற்றுக் கீழே வரும். அந்தச் சன்னத்தோடு நிற்பாய் என்றால் 12 போதும். நாளைக்கு இன்னும் நீளமானதைச் சுட எண்ணமிருந்தால் 11 எழுது. தேவைக்கு மேல் மிக வேகமாகச் சுழற்றினால் சன்னத்தின் அமைப்பில் உள்ள சிறு கோணல்கூடத் தாளில் பெரிதாகத் தெரியும். அதனால் வீராப்புக்கு 8 என்று எழுதிவிடாதே.

இப்போது நம் மலையைப் பற்றி. நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக் கரையோடு ஒப்பிட்டால் அங்கே காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. மெலிந்த காற்று சன்னத்தைக் குறைவாகத்தான் கவிழ்க்கப் பார்க்கும். சன்னத்தின் நிலைப்புக்கு ஓர் அளவெண் உண்டு. 1க்குக் கீழே போனால் சன்னம் கவிழும், 1.5 இருந்தால் நிம்மதி. அங்கே 1.5 காட்டும் குழலும் சன்னமும் கொழும்பில் 1.25க்கு இறங்கிவிடும். மலையில் ஓட்டைகளை நெருக்கமாகப் போட்ட துவக்கு கீழ்நாட்டுப் போட்டியில் சிதறினால், பலரும் தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். ஆகவே முறுக்கைத் தீர்மானிக்கும்போது நீ பழகும் இடத்தை மறந்துவிடு. நீ சுடப்போகும் இடங்களில் காற்று எங்கே அதிகம் கனக்கிறதோ, அந்த இடத்துக்குக் கணக்குப் போடு. மூடுபனியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஈரக்காற்று காய்ந்த காற்றைவிடச் சற்று இலேசானது. அந்த வித்தியாசம் உன் தாளில் தெரியாது. குழலுக்குள் நீர் நிற்பதுதான் ஆபத்து. சுடுமுன் துடை.

இந்த மலையிலேயே குழலையும் முறுக்கையும் தன் கணக்குப்படி செய்வித்த ஒருவர் வாழ்ந்திருக்கிறார். சாமுவேல் பேக்கர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்தவர். 1840இல் பிரிஸ்டல் நகரத்துத் துவக்குத் தயாரிப்பாளர் கிப்ஸிடம் அவர் செய்வித்த துவக்கின் குழல் 36 அங்குலம், முறுக்கும் 36 அங்குலம். குழலைக் கடக்கும்போது குண்டு ஒரே ஒரு சுற்று. துவக்கின் எடை 21 இறாத்தல், உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், வெடிமருந்து ஒரு முழு அவுன்ஸ். கிறீன்ஹில் கணக்கில் அந்த உருண்டைக்கு 100 அங்குலத்துக்கு மேற்பட்ட முறுக்கே போதும். அவ்வளவு மருந்தும் அவ்வளவு சுழற்சியும் சேர்ந்தால் சாதாரணக் குண்டு பள்ளத்தில் பிடிக்காமல் வழுக்கி ஓடும். அதற்காகத்தான் குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டி வார்த்து, அது பொருந்த இரண்டு அகன்ற ஆழமான பள்ளங்கள் வெட்டியிருந்தது. குண்டு, பள்ளம், மருந்து மூன்றையும் ஒன்றாக யோசித்த வேலை அது. கைவினையாக அதை மதிக்கிறேன். அது யானை வேட்டைக்குப் பயன்பட்டது என்பதை நினைத்தால் மனம் நோகிறது. அவர் காலத்தில் ஹோட்டன் சமவெளியில் யானைகள் இருந்தன. இன்று ஒன்றும் இல்லை. நீ சுடுவது தாளை மட்டும். அதில் எனக்குப் பெருமை.

இன்னொரு பெருமையும் உண்டு. 1900இல் தொடங்கிய சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற படைப்பிரிவு ஐரோப்பியத் துரைமாருக்கானதாக இருந்தது. கொழுந்து எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. லயத்தில் பிறந்த நீ இன்று உன் பெயரில் ஒரு குழலுக்கு அளவு எழுதுகிறாய்.

நீளத்துக்கு வருகிறேன். பேக்கருக்கு 36 அங்குலம் தேவைப்பட்டது, அன்றைய கருமருந்து எரிந்து தள்ள அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. இன்றைய மருந்துக்கு வேண்டாம். .308இல் ஓர் அங்குலம் கூட்டினால் வினாடிக்கு ஏறக்குறைய 7 மீற்றர் வேகம்தான் கூடும். 300 மீற்றர் தூரத்துக்கு அதற்காக நீ ஏங்க வேண்டியதில்லை. நீண்ட குழலால் முன்காட்சிக்கும் பின்காட்சிக்கும் இடைவெளி கூடும், குறிபார்ப்பது துல்லியமாகும். அது மெய்தான். ஆனால் குழல்வாயில் ஒரு நீட்டுக்குழாய் பூட்டினாலும் அதே இடைவெளி கிடைக்கும். நின்று சுடும்போது முன்பாரம் முழுவதும் உன் இடதுகையில் இறங்கும். அதனால் 24 அங்குலம், தடித்த சுவர் என்று எழுது. குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும் குழல் குறைவாக அதிரும். 50 மீற்றருக்குச் சுடும் .22க்குப் புதுக்குழல் தேடாதே. அதன் முறுக்கு உலகமெங்கும் 16 அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. அதன் மருந்தும் குட்டையான குழலுக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடும்.

சன்னப் பெட்டியில் எடைதான் அச்சிட்டிருக்கும். பத்துச் சன்னங்களை எடுத்து வேர்னியரால் நீளத்தை அளந்து, சராசரியைப் படிவத்தின் ஓரத்தில் எழுதி, சன்னத்தின் பெயரையும் சேர்த்து அனுப்பு. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எழுத்தில் உன் கைக்கு வரும்வரை முற்பணம் கட்டாதே. அளந்த எண்களை எனக்கும் அனுப்பு, இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா