ஏலத்துக்கு வந்த விளக்கை வீட்டில் ஏற்றலாமா?

'ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!'

பழைய சாமான்கள் ஏலம் போகும் கூடத்தில் இந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்கலாம். தேக்குக் கட்டில், பெல்ஜியம் கண்ணாடி, சர விளக்கு என்று வரிசையாகப் போகும். நடுவே ஓர் ஓரத்தில், எண்ணெய்ப் பிசுக்கேறிய பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று நிற்கும். அதைப் பார்த்ததும் நம் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். 'ஐயோ, மகாலட்சுமி இப்படி மூலையில் நிற்கிறாளே, நம் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமே' என்று தோன்றும்.

அடுத்த நொடியே ஒரு பயமும் வரும். யார் வீட்டு விளக்கோ? என்ன கஷ்டத்தில் விற்றார்களோ? அந்தக் கஷ்டம் நம்மோடு வந்துவிடுமோ?

தோஷம் உண்டா?

விளக்கின் அடிப்பாகம் பிரம்மா, தண்டு மகாவிஷ்ணு, மேல்பகுதி சிவபெருமான் என்பது நம் ஐதீகம். மும்மூர்த்திகளும் குடியிருக்கும் பொருளுக்குத் தோஷம் எப்படி வரும்? நாம் கடையில் வாங்கும் புது விளக்கையும் சற்று நினைத்துப் பாருங்கள். பழைய பித்தளையை உருக்கிச் சேர்ப்பது பாத்திரத் தொழிலில் காலம்காலமாக உள்ள வழக்கம். அந்தப் பித்தளை யார் வீட்டில், என்னவாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்? சுத்தம் செய்து, மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஏற்றினால் அது உங்கள் வீட்டு விளக்குதான்.

ஆனால், கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. அது கோயில் விளக்கா, வீட்டு விளக்கா?

அடியைத் திருப்பிப் பாருங்கள்

எனக்குத் தெரிந்த மாமி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஏலத்தில் ஒரு தூக்கு விளக்கு எடுத்தார். சங்கிலியோடு அழகான விளக்கு. வீட்டில் புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, அடியில் எழுத்து தெரிந்தது. ஓர் அம்மனின் பெயர், ஓர் ஊரின் பெயர், கடைசியில் 'உபயம்'. மாமிக்கு அன்று இரவு தூக்கமே இல்லை. விற்றவரோ, 'வித்தது வித்ததுதான்' என்று சொல்லிவிட்டார்.

மாமி என்ன செய்தார் தெரியுமா? பில்லையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போனார். கோயில் அலுவலகத்தில் சொத்துப் பதிவேட்டைப் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு, விளக்கைப் பெற்றுக்கொண்டார்கள். கொடுத்த பணம் திரும்பவில்லை. 'பணம் போனது வருத்தம்தான். ஆனா அதை என் வீட்டில் ஏத்தியிருந்தா, தினமும் அம்பாள் சந்நிதி இருட்டா கண்ணில் வந்திருக்கும்' என்றார்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வழக்கம்தான். தலைப்பெழுத்துகளோ ஒருவர் பெயரோ மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் வீட்டுச் சீர். சுவாமி பெயர், ஊர்ப் பெயர், உபயம், தேவஸ்தானம், கட்டளை என்ற சொற்கள் இருந்தால் விலகி நில்லுங்கள். தெரியாமல் வாங்கிவிட்டால் அந்தக் கோயில் நிர்வாக அதிகாரியிடம் சொல்லுங்கள். திருட்டு என்று சந்தேகம் வந்தால் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது.

ஒரு விளக்குக்கு 96 ஆடுகள்!

கோயில் விளக்குக்கு ஏன் இத்தனை கவனம்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் விடை சொல்கின்றன. ஒரு திருவிளக்கு எரிய 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இத்தகைய ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு இறந்தாலும் குட்டியைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பது பொருள்.

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலின் பாவை விளக்கும் அப்படித்தான். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் பிரதாபசிம்மரை மணக்க விரும்பிய அம்முனு அம்மணி, லட்ச தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் பலித்ததும், அந்தத் தீபங்களில் ஒன்றைத் தானே ஏந்தி நிற்பதுபோல் தன் உருவத்தையே பித்தளையில் வார்த்து வைத்தாள். பீடத்தில் உள்ள எழுத்து இதைச் சொல்கிறது. பாவை விளக்கு என்றால் வரவேற்பறை அலங்காரம் என்று நினைக்கிறோம். அது ஒரு பெண்ணின் வேண்டுதல்!

வாங்கும் முன் கவனிக்க...

* ஏலத்துக்கு முன்பாகப் பொருட்களைப் பார்க்க நேரம் தருவார்கள். அப்போதே போய்க் கையில் தூக்கிப் பாருங்கள். பொருள் இருக்கிற நிலையிலேயேதான் விற்பார்கள். பிறகு குறை சொல்ல முடியாது.

* பாதம், தண்டு, அகல், உச்சி அன்னம் ஆகியவற்றைத் தனித்தனியே கழற்றிப் பூட்டிப் பாருங்கள். மரை ஒட்டாமல் ஆடினாலோ, பித்தளையின் நிறம் மாறினாலோ, வேறு வேறு விளக்குகளின் பாகங்களைச் சேர்த்திருக்கலாம்.

* தண்டில் துளை இருக்கிறதா? பல்பு மாட்டுவதற்காகத் துளையிட்ட விளக்குகள் உண்டு. அலங்காரத்துக்கு ஆகும், எண்ணெய் நிற்காது.

* பச்சைக் களிம்பைக் கண்டு 'நூறு வருஷம்' என்று நம்பிவிடாதீர்கள். அமிலம் தடவிப் புது விளக்கையும் பழசாக்குவார்கள்.

* ஏலத்தொகையோடு கமிஷன், வரியும் சேரும். முன்கூட்டியே கேட்டு, மனதுக்குள் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

* 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விற்பவருக்கு உரிமம் வேண்டும். பாவை விளக்கு போன்ற சிற்ப வடிவங்களைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பழைய விளக்கு அனுப்ப ஆசையா? நாச்சியார்கோயில் புது விளக்கை அனுப்புங்கள். காவிரிக் கரை வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்ப்பது, புவிசார் குறியீடும் பெற்றது.

வீட்டுக்கு வந்த பிறகு

வெந்நீரில் ஊறவைத்துப் பிசுக்கை எடுங்கள். புளி, பிறகு விபூதி போதும். மெஷின் மெருகு வேண்டாம். பழைய எழுத்தும் வேலைப்பாடும் தேய்ந்துபோகும். அகலில் தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு காகிதத்தின் மேல் வையுங்கள். காலையில் காகிதம் நனைந்திருந்தால், கசிவை அடைக்காமல் ஏற்றாதீர்கள்.

'வேதாரண்யம் விளக்கழகு' என்பார்கள். அங்கே நெய் குடிக்க வந்த எலி, தெரியாமல் திரியைத் தூண்டிவிட்டதாம். அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தி ஆனது என்கிறது தல வரலாறு. தெரியாமல் தூண்டியதற்கே அந்தப் பலன் என்றால், ஒரு விளக்கு எந்தச் சந்நிதிக்கு உரியது என்று தெரிந்து, அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு?

ஆகவே சகோதரிகளே, ஏலத்துக்குப் போங்கள், தாராளமாக விளக்கு வாங்குங்கள். விலை கேட்பதற்கு முன் ஒரு முறை அடியைத் திருப்பிப் பாருங்கள். பெயர் எதுவும் இல்லையா? அழைத்து வாருங்கள் மகாலட்சுமியை. உங்கள் இல்லம் ஒளி பெறட்டும்!